கத்தியை எடுத்துப் போன மகனுக்கு

எய்யா,

போனில் பேசினால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தை நடுவில் கட் பண்ண முடியாது பார். உட்கார்ந்து முழுசாகப் படி. என் மருமகளுக்கும் வாசித்துக் காட்டு, உன்னைவிட அவளுக்குச் சீக்கிரம் புரியும்.

நீ கிளம்பிப் போன மறுநாள் காலையில் கத்தரிக்காய் நறுக்கலாம் என்று டிராயரைத் திறந்தேன். பெரிய கத்தியைக் காணோம். அப்பா செய்த கத்தியையும் காணோம். ஜன்னலோரம் வைத்திருந்த சாணைக்கல்லையும் காணோம். எந்தத் திருடனாவது பித்தளைக் குத்துவிளக்கை விட்டுவிட்டுக் கல்லை எடுத்துப் போவானா என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். அப்போதுதான் மேடையில் நீ வாங்கி வைத்திருந்த டப்பா கண்ணில் பட்டது. கயிற்றை இழுத்தால் உள்ளே பிளேடு சுற்றி வெங்காயத்தை நறுக்கும் என்று மூடியில் படம் போட்டிருக்கிறது. இழுத்தேன். வெங்காயம் கூழாகிவிட்டது. பக்கத்தில் பச்சைக் கைப்பிடி போட்ட ஒரு சின்னக் கத்தி, அது வாழைப்பழத்துக்கே யோசிக்கிறது. தீட்டின மரத்திலேயே கூர் பார்க்கிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். நீ மரத்தையே தூக்கிக் கார் டிக்கியில் போட்டுக்கொண்டு போய்விட்டாய்.

ஏன் எடுத்தாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. என் கை நடுங்குவதைப் பார்த்தாய். விரலில் ஒட்டியிருந்த பிளாஸ்டரைப் பார்த்தாய். சாப்பிடும்போது தக்காளி ஒரு துண்டு தடியாகவும் ஒரு துண்டு வெறும் தோலாகவும் கிடந்ததைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினாயே, அதை நானும் பார்த்தேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் உன்னோடு சண்டை போட்டிருப்பேன், அது வேறு விஷயம். ஆனால் கேட்டிருக்கலாம். இன்றைக்குக் கத்தி, நாளைக்கு கேஸ் அடுப்பு, அதற்கு அடுத்து இந்த வீட்டுச் சாவி. அப்புறம் உன் பிளாட்டில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, யாரோ நறுக்கி யாரோ சமைத்துத் தட்டில் வைப்பதை நான் சாப்பிட வேண்டும். என் கோபமெல்லாம் மேலே தெரிவதுதான், எய்யா. அடியில் இருப்பது பயம். என் வீட்டில் என் கையால் ஆக்கித் தின்கிற நாள் முடிந்துவிட்டது என்று நீயாக முடிவு கட்டிவிட்டாயோ என்று பயமாக இருக்கிறது.

அந்தக் கல் எப்படி இந்த வீட்டுக்கு வந்தது என்று உனக்கு நினைவிருக்காது. எண்பத்தைந்தோ எண்பத்தாறோ, உனக்கு அப்போது பள்ளிக்கூடம் போகிற வயதுகூட இல்லை. நம் பக்கத்து வீட்டில் ரங்கம்மா அக்கா இருந்தார்கள். வீட்டுக்குள் தெலுங்கு, நம்மிடம் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். மே மாதம் வந்துவிட்டால் அவர்கள் வீட்டில் ஆவக்காய் ஊறுகாய் போடுவார்கள். மலையடிவாரத் தோப்பிலிருந்து சாக்குச் சாக்காக மாங்காய் வந்து இறங்கும். தெருவில் இருக்கிற பெண்களெல்லாம் ஆளுக்கொரு கத்தியும் பலகையுமாகப் போய் வெட்டிக் கொடுப்போம். ஆவக்காய்க்கு மாங்காயை இஷ்டத்துக்கு வெட்ட முடியாது. கொட்டையின் ஓட்டோடு சேர்த்து வெட்ட வேண்டும். ஒவ்வொரு துண்டிலும் ஓடு ஒட்டிக்கொண்டிருந்தால்தான் வருஷம் முழுக்க ஜாடியில் கரையாமல் நிற்கும். நான் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. எங்கள் வீட்டில் மாவடுதான் தெரியும், அதற்குக் கத்தியே வேண்டாம். ஆடிப்பூரத் தேர்க்கடையில் எங்கம்மா வாங்கித் தந்த பெரிய கத்தியை எடுத்துக்கொண்டு ஜம்பமாகப் போய் உட்கார்ந்தேன். ஓங்கிப் போட்டால் ஓடு நொறுங்குகிறது, சதை பிய்கிறது, துண்டு ஒரு பக்கம் ஓடு ஒரு பக்கமாகத் தெறிக்கிறது. ரங்கம்மா அக்கா என் கத்தியை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்கள். "ஏமம்மா, இது கத்தியா, தோசைத் திருப்பியா?" என்றார்கள். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்தால்கூடப் பரவாயில்லை. நான் வெட்டின துண்டுகளை மட்டும் தனியாக ஒரு சட்டியில் அள்ளி, "இதெல்லாம் இன்னைக்கே பருப்புல போட்டுருவோம், ஜாடிக்கு வேண்டாம்" என்றார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அப்பாவிடம் சொன்னேன். மில்லில் மெயின்டனன்ஸில் இருந்தவர், சாணை பிடிக்கிற சக்கரத்தில் உடைந்த ஒரு துண்டை வீட்டில் வைத்திருந்தார். எப்போதாவது மனசு வந்தால் அதில் நாலு இழு இழுத்துக் கொடுப்பார். "ஞாயித்துக்கிழம பாப்போம்ட்டி" என்றார். அவருடைய ஞாயிற்றுக்கிழமைகள் எப்படிப் போகும் என்று உனக்குத் தெரியும். சைக்கிளில் சாணை பிடிக்க வருகிறவரோ நினைத்தால் வருவார், நினைக்காவிட்டால் வரமாட்டார். நம் வீட்டுக் கத்திக்கு எதற்காக ஊரையெல்லாம் எதிர்பார்த்து நிற்க வேண்டும் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. நம் ராஜபாளையம் கடைத்தெருவில் கல் வாங்கினால் அரை மணி நேரத்தில் மில் வரைக்கும் சேதி போய்விடும். அதனால் மடவார் வளாகத்தில் என் அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது ஸ்ரீவில்லிபுத்தூர் பஜாரில் ஒரு இரும்புக் கடையில் ஏறினேன். கடைக்காரர் கல்லை எடுத்து வைத்துவிட்டு, "வீட்டுல ஆம்பளைக யாரும் வரலியாம்மா?" என்றார். "ஏன் வரல, இந்தா நிக்காம்ல" என்று உன்னைக் காட்டினேன். நீ என் சேலையைப் பிடித்துக்கொண்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றாய். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஒரு பக்கம் பொரபொரப்பு, ஒரு பக்கம் வழுவழுப்பு. தண்ணியில ஊறப் போட்டுத் தேயிங்க" என்று சொல்லித் தந்தார். பஸ்ஸில் கல்லை நான்தான் மடியில் வைத்துக்கொள்வேன் என்று அடம்பிடித்தாய். "எம்மா, இது எம்புட்டு கனம்!" என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தாய்.

இனிமேல் வருவதைக் கவனமாகப் படி. வேகமாகப் புரட்டிவிடாதே. அப்பா ஷிஃப்டுக்குப் போனபிறகு, பின்கட்டில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நானாகக் கற்றுக்கொண்டேன். முதல் நாள் கத்தியை நேராக நிறுத்தித் தேங்காய் துருவுகிற வேகத்தில் தேய்த்தேன். இருந்த கூரும் போய்விட்டது. மறுநாள் பயந்துபோய் ஒரேயடியாகப் படுக்கப் போட்டுத் தேய்த்தேன். விளிம்பில் கல் படவே இல்லை, கத்தியின் வயிறெல்லாம் கீறல். அப்புறம் ஒரு யோசனை தோன்றியது. கத்தியின் முதுகுக்கு அடியில் தீப்பெட்டியைப் படுக்க வைத்துப் பார்த்தேன். அந்தச் சாய்வுதான் கணக்கு. தீப்பெட்டியை எடுத்துவிட்டுக் கையை அதே சாய்வில் நிறுத்த வேண்டும். போகும்போதும் வரும்போதும் கை ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. தீட்டுவது என்றால் அவ்வளவுதான், மிச்சமெல்லாம் பொறுமை. கல்லைத் தண்ணீரில் முக்கி, குமிழி வருவது நின்ற பிறகு எடு. அடியில் ஈரத்துணி விரி, இல்லாவிட்டால் நழுவும். முதலில் பொரபொரப்பான பக்கம். தேய்க்கத் தேய்க்கச் சேறு மாதிரி ஒன்று வரும், அழுக்கு என்று கழுவிவிடாதே, வேலை செய்வதே அதுதான்.

நான் ஒரே பக்கத்தை மட்டும் தேய்த்துவிட்டு, சுரைக்காய் ஏன் கோணலாகப் போகிறது என்று சுரைக்காயைத் திட்டியிருக்கிறேன். ஒரு பக்கம் தேய்த்தால் மறுபக்கத்தில் பிசிறு எழும்பும். கண்ணுக்குத் தெரியாது. கூரின் நீளத்தில் விரலை ஓட்டிவிடாதே, அறுத்துவிடும். முதுகிலிருந்து விளிம்பைத் தாண்டி வெளியே போகிற மாதிரி மெல்லத் தடவு. சொரசொரவென்று தட்டும். அடியிலிருந்து நுனிவரை தட்டினால்தான் அந்தப் பக்கம் முடிந்தது என்று அர்த்தம். பிறகு திருப்பிப் போட்டு அதே மாதிரி. அப்புறம் கல்லைப் புரட்டி, வழுவழுப்பான பக்கத்தில் அழுத்தாமல் மாற்றி மாற்றி இழுத்துப் பிசிறைப் போக்கு. கடைசியாகப் பழைய தோல் பெல்ட்டில் இரண்டு தடவு. நடுவிலேயே தேய்த்துக்கொண்டிருந்தால் கல் குழிந்துவிடும். அப்போது சிமெண்ட் தரையில் தண்ணீர் விட்டுக் கல்லைத் தேய்த்துச் சமமாக்கு. சரியாகிவிட்டதா என்று தக்காளியிடம் கேள். கத்தியை மேலே வைத்து அழுத்தாமல் இழு, தோல் தானாக விட வேண்டும். கூர்க்கத்திக்கு எல்லாரும் பயப்படுகிறீர்கள். கையை வெட்டுவது மழுங்கின கத்திதான். அதை அழுத்த வேண்டியிருக்கிறது, அழுத்தினால்தான் வழுக்குகிறது.

அப்பாவிடம் நான் சொல்லவில்லை, அவராகத்தான் கண்டுபிடித்தார். மில் ஒர்க்‌ஷாப்பில் இரும்பு அறுக்கிற உடைந்த ஹாக்சா பிளேடைத் தேய்த்து, கைப்பிடிக்குக் கயிறு சுற்றி அவரே ஒரு கத்தி செய்திருந்தார் அல்லவா, அதை எடுத்துத் துணி காயப்போடுகிற கொடிக்கயிற்றை அறுக்கப் போனார். பழைய நினைப்பில் வேகமாக இழுத்திருக்கிறார். கயிறு அறுந்ததே தெரியாமல் கை போய்ச் சுவரில் இடித்தது. "யாருட்டி இதத் தீட்டுனது? சாணைக்காரன் வந்தானா?" என்று கத்தினார். "சாணைக்காரி வந்தா" என்றேன். உன் அத்தை அன்றைக்கு வந்திருந்தாள். "பொம்பள கத்தி தீட்டுனா வீட்டுக்கு ஆகாதுண்ணே" என்று ஆரம்பித்தாள். அப்பா கத்தியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே, "நீ வாயில போட்டிருக்கிற வெள்ளரிக்கா அவ நறுக்குனதுதான். ஆகாதுன்னா துப்பிரு" என்றார். உன் அத்தை துப்பவில்லை. அடுத்த மே மாதம் ரங்கம்மா அக்கா என் துண்டுகளில் ஒன்றை எடுத்து ஓட்டைத் தட்டிப் பார்த்து, "பாகுந்தி, பாகுந்தி!" என்று ஜாடிக்கு அள்ளினார்கள். அன்றிலிருந்து அவர்கள் வீட்டுக் கத்தியும் என்னிடம்தான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா ஒரு பக்கம் தன் சக்கரத் துண்டோடும், நான் ஒரு பக்கம் என் கல்லோடும் உட்காருவோம். அவருக்கு எதிலும் அவசரம். "இன்னும் எம்புட்டு நேரம் தேய்ப்ப? கத்தி கரைஞ்சிரும்" என்பார். கடைசியில் சத்தமில்லாமல் தன் கத்தியையும் என் பக்கம் தள்ளிவிடுவார். எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைகள் இப்போதும் கண்ணுக்குள்ளேயே நிற்கின்றன. நாங்கள் சிரித்துப் பேசிக்கொண்ட நேரமெல்லாம் பாதிக்கு மேல் அந்தப் பின்கட்டில்தான்.

நீ மதுரையில் காலேஜ் சேர்ந்த சமயம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. உயிருக்கு ஒன்றும் இல்லை, ஆனால் வலது கை முழுசாகத் திரும்பவில்லை. மில் வேலை போயிற்று. நாள் முழுக்க வீட்டிலேயே இருந்தார். காபி சூடு இல்லை, ஃபேன் ஓடவில்லை, பேப்பர்காரன் தாமதம் என்று எதற்கெடுத்தாலும் எரிச்சல். ஒரு ஞாயிற்றுக்கிழமை திடீரென்று, "ஏட்டி, கல்ல எடு" என்றார். நீ அன்றைக்கு ஊருக்கு வந்திருந்தாய். அடுப்படிக்கு வந்து என் காதில், "குடுக்காதம்மா, கையை வெட்டிக்குவாரு" என்றாய். உனக்கு அப்போதே இந்தப் புத்திதான். நான் கல்லை ஊறப் போட்டேன். துணியை விரித்தேன். கத்தியைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். இடது கையால் பிடித்து, வலது கையை மேலே பாரம் மாதிரி வைத்து இழுத்தார். ஒரு இழுப்பு மேலே, ஒரு இழுப்பு கீழே. சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. வேர்க்க வேர்க்கத் தீட்டி முடித்து, "பாரு" என்று நீட்டினார். இருந்த கூரெல்லாம் போயிருந்தது. ஒரு கத்தரிக்காயை எப்படியோ அழுத்தி வெட்டிவிட்டு, "நல்லா இருக்கு" என்றேன். அன்றைக்கு அவர் யாரையும் திட்டவில்லை. சோறு கூட ஒரு கரண்டி சேர்த்துக் கேட்டு வாங்கினார்.

மத்தியானம் அவர் படுத்த பிறகு நான் பின்கட்டுக்குப் போய் அந்தக் கத்தியைத் திரும்பத் தீட்டினேன். தீட்டுகிற சத்தம் உள்ளே கேட்டுவிடக் கூடாது என்று குழாயைத் திறந்து வாளியில் தண்ணீர் விழ விட்டேன். நம் ஊரில் தண்ணீர் வருகிற அழகு உனக்குத் தெரியும், மனசு அடித்துக்கொள்ளத்தான் செய்தது. ஆனாலும் திறந்துவிட்டேன். அடுத்த ஞாயிறும் அப்படித்தான், அதற்கடுத்த ஞாயிறும் அப்படித்தான். காலையில் அவர் மழுக்குவார், மத்தியானம் நான் கூராக்குவேன். ஒரு நாள் வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. உள்ளே இருந்து அவர் குரல் வந்தது. "ஏட்டி, குழாய மூடு. தண்ணி வீணாப் போகுதுல்லா. சும்மா தீட்டு."

குழாயை மூடிவிட்டு ஈரக்கையோடு உள்ளே போனேன். கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார். "தெரிஞ்சுக்கிட்டேயா இம்புட்டு நாளும் சும்மா இருந்திய?" என்றேன். "மில்லுல இருந்தவன் நான். மழுங்குனது எது, கூரு எதுன்னு எனக்குத் தெரியாதா?" என்றார். "பொறவு எதுக்கு வேர்க்க வேர்க்கத் தீட்டுதிய?" என்று கேட்டேன். கண்ணைத் திறக்காமலே, "நீ ஒண்ணும் சொல்லாம கல்லக் கொண்டாந்து வைக்கியே, அதுக்குத்தான்" என்றார். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். "அழுதது போதும், கல்லு காஞ்சிரப் போகுது" என்று விரட்டினார். அவர் இருந்த வரைக்கும் ஞாயிற்றுக்கிழமை தவறவில்லை. காலையில் அவர், மத்தியானம் நான்.

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன். நீ பார்த்த பிளாஸ்டர் கத்தி வெட்டினதுதான். பொய் சொல்லப் போவதில்லை. ஆனால் கத்தி கூராக இருந்ததால் வெட்டவில்லை. என் கை இப்போது சாய்வில் நிற்பதில்லை, எய்யா. ஒரு இழுப்பு மேலே, ஒரு இழுப்பு கீழே. நான் தீட்டினால் கத்தி மழுங்குகிறது. அந்த மழுங்கின கத்தியை அழுத்தினேன், வழுக்கி விரலில் இறங்கியது. சத்தத்திலேயே எனக்குத் தெரிகிறது. தெரிந்துகொண்டேதான் தீட்டுகிறேன். என்னால் முடியாது என்று ஆகிற நாள் வரும், அதை என் கையே எனக்குச் சொல்லும். அன்றைக்கு நானே உன்னைக் கூப்பிட்டு எடுத்துக்கொண்டு போ என்பேன். அந்த நாள் இன்னும் வரவில்லை.

அதனால் அடுத்த முறை வரும்போது இரண்டு கத்தியையும் கல்லையும் கொண்டுவந்து இருந்த இடத்தில் வை. அந்த டப்பாவை உன் மாமியார் வீட்டுக்குக் கொடு, கூழ் காய்ச்ச உதவும். தீட்டுகிற விதத்தை நான் இவ்வளவு விவரமாக எழுதினது நீ அங்கே சாணைக் கடை வைப்பதற்காக இல்லை. உன் வீட்டுக் கத்தியில் பழகு. முதலில் மொக்கையாகும், ஆகட்டும், என் மருமகள் திட்டினால் வாங்கிக்கொள். அப்பாவுக்கு நான் இருந்தேன். எனக்கு நீதான் இருக்கிறாய்.

நீ வந்த மறுநாள் காலையில் நான் கல்லை ஊறப் போட்டுத் தீட்டுவேன். பக்கத்தில் இரு. முடித்ததும் "நல்லா இருக்கும்மா" என்று ஒரு வார்த்தை சொல். மத்தியானம் சாப்பிட்டதும் நான் முன்னறையில் போய்ப் படுத்துக்கொள்வேன். நீ கத்தியை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போ. நிதானமாகத் தீட்டு, அவசரம் வேண்டாம். சத்தம் கேட்டாலும் நான் தூங்கிக்கொண்டுதான் இருப்பேன்.

அம்மா